ஒரே குடை, வேறு பிடி

(வாசகர் கேள்விகளும் பதில்களும்)

ஹாங்காங்கில் கணக்கராக இருந்த காலத்தில் காதில் விழுந்து பழகிய கான்டனீஸ் என்னும் சீன மொழியைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு பதிலினூடே இரண்டு வரி எழுதியிருந்தேன். அதிர்ஷ்டத்தையும் விதியையும் வீட்டுச் செல்வாக்கையும் அந்த மக்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று கேட்டு இத்தனை கடிதங்கள் வரும் என நான் எதிர்பார்க்கவில்லை. ஆகவே இந்த இதழின் பக்கங்களை அதற்கே ஒதுக்கிவிட்டேன். வாரிசுச் சான்றிதழ் குறித்தும் தென்னையில் வண்டு குறித்தும் கேட்டவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: அண்ணாச்சி, என் மகன் ஹாங்காங்கில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறான். உடன் வேலை பார்க்கும் உள்ளூர்ப் பையன் ஒருவன், "நீ வாயில் தங்கச் சாவியோடு பிறந்தவன்" என்று சொன்னானாம். அவன் படிப்புக்காகச் சேரன்மகாதேவிப் பக்கம் இருந்த ஒரு கோட்டை விதைப்பாடு வயலை விற்றவன் நான். இது பாராட்டா, கேலியா? (பாளையங்கோட்டை வாசகர்)

பதில்: பாதி பொறாமை, பாதி கேலி. ஆனால் உங்கள் மகனுக்கு அந்தத் தொடர் பொருந்தவில்லை என்பது என் எண்ணம். ஏன் என்று சொல்கிறேன்.

கான்டனீஸில் தங்கச் சாவியைக் 'கம் சோ சீ' என்பார்கள். அந்தத் தொடரின் முதற்சொல்லான 'ஹம்' என்பதற்குக் கடிக்காமலும் விழுங்காமலும் வாய்க்குள் வைத்திருத்தல் என்று பொருள். நம் ஊரில் வெற்றிலையை அதக்கிக்கொள்வது என்கிறோமே, அதற்கு மிகவும் பக்கத்தில் நிற்கும் சொல். ஆங்கிலேயர் இதே கருத்துக்குக் கரண்டியைச் சொல்வார்கள். நம் பத்திரிகைகளும் 'வெள்ளிக் கரண்டி' என்று எழுதி எழுதிப் பழகிவிட்டன. எனக்குச் சாவிதான் பொருத்தமாகப் படுகிறது, ஏனென்றால் கரண்டி வயிற்றை மட்டுமே நிரப்பும், சாவியோ வீட்டையும் இரும்புப் பெட்டியையும் திறந்துவிடும். குழந்தையின் வாயில் இருக்கும் அந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு உரியது என்று கேட்டால், அப்பாவுடைய பெட்டிக்கு என்பதுதான் விடை. பெட்டியில் இருப்பதைச் சேர்த்தவர் யார் என்பதை அந்தத் தொடர் சொல்வதில்லை. பிள்ளை வரும்போதே கையோடு கொண்டுவந்தது போலச் சொல்லிவிட்டுப் போகிறது.

உங்கள் வீட்டில் நடந்தது வேறு. நிறைந்த பெட்டியைத் திறந்து கொடுத்தவரல்லர் நீங்கள். இருந்த ஒன்றையும் விற்றவர். அதற்கு ஹாங்காங் மக்களிடம் இன்னும் கூர்மையான ஒரு சொல் இருக்கிறது. 'சிங் குங் காவ் ஃபூ கோன்' என்பது அங்கே பள்ளிக்கூடச் சுவரில் எழுதத்தக்க ஒரு வாசகம்; பாடுபட்டு உழைப்பதே வெற்றிக்கு வழி என்று பொருள். கான்டனீஸில் ஆறு தொனிகள் உண்டு, ஒரே ஓசையைத் தொனி மாற்றிச் சொன்னால் வேறு சொல்லாகிவிடும். 'ஃபூ' என்பதைக் கீழிருந்து மேலே ஏற்றிச் சொன்னால் கசப்பு, கஷ்டம் என்று பொருள்படும். கீழேயே சமமாக நிறுத்திச் சொன்னால் தந்தை. அந்த ஒரே ஓர் அசையின் தொனியை மாற்றி, 'வெற்றிக்கு வழி அப்பாவின் உழைப்பு' என்று ஆக்கிவிட்டார்கள். வீட்டு விலை எட்டாத உயரத்துக்குப் போன ஊரில், இளைஞர் ஒருவர் ஃப்ளாட் வாங்கினால் முதல் தவணையைக் கட்டியது யார் என்பதே நண்பர்களின் முதல் கேள்வியாக இருக்கும். 'ஃபூ கோன்' என்று இரண்டு அசையில் விடை வரும், எல்லோரும் சிரிப்பார்கள். இப்போது செய்தித்தாள்களும் அச்சொல்லைக் கூச்சமில்லாமல் எழுதுகின்றன.

கேலிதான் என்றாலும் அப்பாவின் பெயரை ஒளிக்காத கேலி அது. தங்கச் சாவி அவரை ஒளிக்கிறது. உங்கள் மகன் அடுத்த முறை, "சாவி இல்லை, ஃபூ கோன்" என்று தொனி பிசகாமல் திருத்திச் சொல்லட்டும். அந்தப் பையன் அசந்துபோவான்.

கேள்வி: விதியும் அதிர்ஷ்டமும் அவர்களுக்கு ஒன்றா, வேறா? நம் வீட்டில் இரண்டையும் குழப்பியே பேசுகிறோம். (அம்பாசமுத்திரம் வாசகி)

பதில்: குழப்பிப் பேசுவது நாம் மட்டும் அல்ல, அம்மா. ஆனால் அவர்கள் மொழியில் இரண்டு சொற்களும் தெளிவாகப் பிரிந்தே நிற்கின்றன. விதிக்கு 'மெங்'. அதே சொல் உயிர் என்றும் பொருள்படும். ஆயுளோடு ஒட்டி வந்தது, மாறாதது. அதிர்ஷ்டத்துக்கு 'வன்'. இதன் அடிப்படைப் பொருள் நகர்தல், ஓரிடத்திலிருந்து ஓரிடத்துக்குக் கொண்டுபோதல். சரக்கு ஏற்றிச் செல்வதற்கும் இதே எழுத்தைத்தான் எழுதுவார்கள். ஆகவே ஒருவருக்கு நல்ல காலம் என்றால் 'ஹாங் வன்' என்பார்கள், அதாவது அதிர்ஷ்டம் நடக்கிறது. இதை முதன்முதலாகக் கேட்டபோது எனக்கு வேற்றுமொழியாகவே தோன்றவில்லை. "அவருக்கு இப்போ சுக்கிர தசை நடக்கு" என்று டவுன் ரத வீதியில் எத்தனை முறை கேட்டிருப்போம்! அவர்களுடைய ஜாதகத்திலும் பத்து பத்து ஆண்டுகளாக இந்த 'வன்' மாறிக்கொண்டு போகிறது.

'வன் நடந்தால் ஒரு டிராகன், வன் போனால் ஒரு புழு' என்று ஒரு பழமொழி உண்டு. டிராகனுக்கு 'லுங்', புழுவுக்குச் 'சுங்'. எதுகை காதில் நிற்கும். சரிவில் இருப்பவரைத் தேற்ற, 'மனிதருக்கு மூன்று தாழ்வு, ஆறு உயர்வு' என்பார்கள். கணக்குப் பார்த்தால் உயர்வு இரண்டு மடங்கு என்பதை நான் ரசித்திருக்கிறேன். நம்முடைய 'முப்பது வருஷம் வாழ்ந்தவனும் இல்லை, முப்பது வருஷம் தாழ்ந்தவனும் இல்லை' என்பதில் அந்தச் சலுகை கிடையாது.

நகரக்கூடிய பொருள் என்றால் அதைத் தள்ளியும் பார்க்கலாம் அல்லவா? ஹாங்காங்கின் ஷா தின் பகுதியில் சே குங் கோயில் இருக்கிறது. சே குங் தெற்குச் சோங் அரசர்கள் காலத்துப் படைத்தலைவர் என்பது வழக்கு. அங்கே ஆள் உயரத்துக்கும் மேலான அவருடைய சிலைக்கு முன்னே செம்பில் செய்த ஒரு காற்றாடி உண்டு. சீனப் புத்தாண்டின் மூன்றாம் நாள் உறவினர் வீட்டுக்குப் போனால் சண்டை வரும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஆகவே அன்றைக்குக் கூட்டம் கூட்டமாக இந்தக் கோயிலுக்கு வந்து, ஒருவர் பின் ஒருவராக அந்தக் காற்றாடியைக் கையால் சுழற்றிவிட்டுப் போவார்கள். விரல் பட்டுப் பட்டு அதன் இறக்கைகள் பளபளவென்று இருக்கும். 'வன்' திரும்ப வேண்டும் என்பதற்காகச் சுழற்றுகிறார்கள். 'மெங்' திரும்ப வேண்டும் என்று யாரும் அங்கே கேட்பதில்லை. அதே புத்தாண்டு நாட்களில் ஹாங்காங் முழுவதற்கும் சேர்த்து அங்கே ஒரு குறிக்குச்சி எடுப்பதும் உண்டு. 2003-இல் கெட்ட குச்சி வந்தது. அந்த ஆண்டுதான் சார்ஸ் நோய் ஊரை உலுக்கியது. இதைச் சொல்லாத ஹாங்காங்வாசியை நான் பார்த்ததில்லை. நல்ல குச்சி வந்தும் மோசமாகப் போன ஆண்டுகளை யாரும் எனக்குச் சொன்னதில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

நம் பக்கம் வருவோம். அதிர்ஷ்டம் என்ற வடசொல்லின் நேர்ப்பொருள் 'காணப்படாதது'. அதாவது, காரணம் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. நாம் அதைவிட அடிக்கடி சொல்வது 'கொடுத்து வைத்தவன்' என்பதை. போன பிறவியில் தானம் கொடுத்துச் சேர்த்து வைத்தவன் இந்தப் பிறவியில் அனுபவிக்கிறான் என்பது கருத்து. கான்டனீஸில் இதற்கு இணையாகச் 'சிக் தாவ் தோய்' என்று ஒரு குறும்பான பேச்சு உண்டு. 'எந்தக் கருப்பையில் போய்ப் புகுவது என்று தெரிந்தவன்' என்று பொருள். மறுபிறவிக்கு வரிசையில் நின்ற உயிர்களுள் இவன் மட்டும் முகவரி விசாரித்துக்கொண்டு பணக்கார வீட்டில் இறங்கியது போல! நம் 'வாங்கி வந்த வரம்' இதற்கு உறவுக்காரன்தான், ஆனால் அதில் சிரிப்பு இல்லை.

ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில், பக்கத்து இலைக்காரர் ஒருவரைக் காட்டி, "கொடுத்து வச்ச ஆளு" என்றார். காட்டப்பட்டவருடைய அப்பா எனக்குத் தெரிந்தவர். விடியற்காலை நான்கு மணிக்குக் கமிஷன் மண்டியைத் திறந்து, இரவு பத்து மணிக்குப் பூட்டிய மனிதர். கொடுத்ததும் வைத்ததும் அவர். முற்பிறவிக் கணக்கில் மகன் பேரில் வரவு எழுதிவிட்டோம். கணக்கராக இருந்தவன் என்பதால் எனக்கு இது உறுத்துகிறது.

கேள்வி: எங்கள் உறவினர் ஒருவர் காயல்பட்டினத்துக்காரர்களோடு சேர்ந்து ஹாங்காங்கில் ரத்தினக்கல் வியாபாரம் செய்தவர். 'மனிதர் ஒன்று, விதி வேறு. குடை ஒன்று, பிடி வேறு' என்று அடிக்கடி சொல்வார். இது அவர் கட்டியதா, உண்மையிலேயே உள்ளதா? (மேலப்பாளையம் வாசகர்)

பதில்: உண்மையிலேயே உள்ளது, கான்டனீஸின் மிக அழகான பழமொழிகளுள் ஒன்று. விதிக்கு 'மெங்', பிடிக்குப் 'பெங்'. எதுகைக்காகத்தான் குடை உள்ளே வந்திருக்க வேண்டும், ஆனால் வந்த பிறகு அது செய்யும் வேலை பெரிது.

நான் இதைக் கற்ற இடத்தைச் சொல்கிறேன். எங்கள் அலுவலக வாசலில் ஒரு தகர வாளி இருக்கும். மழைநாளில் பத்துப் பன்னிரண்டு கறுப்புக் குடைகளை அதில் செருகி வைத்திருப்பார்கள். துணியெல்லாம் உள்ளே போய்விடுவதால் வெளியே தெரிவது பிடிகள் மட்டுமே. ஒன்றில் பிளாஸ்டிக் கொக்கி, ஒன்றில் ரப்பர் உறை கழன்றுபோன வெறும் கம்பி, என்னுடையதில் துணிநாடா சுற்றியிருக்கும். ஒரே ஒன்றில் மட்டும் மெருகேற்றிய பிரம்பு, கழுத்தில் மெல்லிய வெள்ளிப் பூண். அது முதலாளியின் மகனுடையது. இருபத்து நான்கு வயதில் தனியறையோடு வேலைக்கு வந்தவர். எல்லோரும் அவரைத் 'தாய் ஜீ யே' என்பார்கள், பட்டத்து இளவரசர் என்று பொருள். அவர் நல்ல பையன், யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஒருநாள் அவருடைய முதல் மாதச் சம்பளத்தை நான் பேரேட்டில் பதிந்துகொண்டிருந்தபோது, பக்கத்து மேசையில் இருந்த அம்மையார் எழுந்து போய், வாளியைக் கண்ணால் காட்டி, இந்தப் பழமொழியைச் சொல்லிவிட்டுத் தேநீர் எடுக்கப் போய்விட்டார்.

'அஞ்சு விரலும் ஒண்ணாவா இருக்கு' என்று நாம் சொல்வதும் இதே இடத்தில்தான். ஆனால் விரல் பிறக்கும்போதே நெட்டையும் குட்டையுமாக வருவது. யாரையும் கேட்க முடியாது. குடைப்பிடி அப்படியல்ல. அது கடையில் ஒருவர் காசு கொடுத்துப் பொருத்தியது. விதி என்று பழமொழி சொல்கிறது, ஆனால் அது கையில் எடுத்துக் காட்டும் பொருளுக்கு ஒரு விலைச்சீட்டு இருக்கிறது.

கேள்வி: நம் 'மைனர்' போல அவர்களிடம் உண்டா? (கல்லிடைக்குறிச்சி வாசகர்)

பதில்: உண்டு, 'யீ சாய் ஜோ'. சொல்லுக்குச் சொல் 'இரண்டாம் தலைமுறை முன்னோர்'. கி.மு. 221-இல் சீனத்தை ஒன்றாக்கிய முதல் பேரரசர், தம் வம்சம் இரண்டாமவர், மூன்றாமவர் என எண்ணிக்கொண்டே பதினாயிரம் தலைமுறை போகும் என்று ஏற்பாடு செய்தார். இரண்டாமவரான மகன் மூன்றே ஆண்டில் எல்லாவற்றையும் தொலைத்துவிட்டார். அப்பா சேர்த்ததை அழிக்கும் பிள்ளைக்கு இந்தப் பெயர் அவரிடமிருந்து வந்தது என்பார்கள். நம் சொல்லின் வரலாறும் சுவையானது: ஜமீன்தார் இறந்து வாரிசு வயது வராதவராக இருந்தால், வெள்ளையர் ஆட்சியில் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் சொத்தை நிர்வகிக்கும், வயது வந்ததும் சேர்ந்த பணம் மொத்தமாகக் கைக்கு வரும். பிறகு என்ன நடக்கும் என்பதற்குத் திருநெல்வேலிச் சீமையில் கதைகளுக்குப் பஞ்சமில்லை. சட்டச்சொல் ஒன்று கழுத்துச் சங்கிலிக்கே பெயராகிவிட்டது.

கேள்வி: அவர்களுக்கு லாட்டரி உண்டா? (செங்கோட்டை வாசகர்)

பதில்: உண்டு, 'மார்க் சிக்ஸ்'. 49 எண்களில் 6 எண்கள். மொத்தம் 1,39,83,816 விதமாக எடுக்கலாம், நீங்கள் எடுப்பது அதில் ஒன்று. தமிழ்நாட்டில் 2003-இல் லாட்டரி தடைசெய்யப்பட்ட பிறகும், உங்கள் ஊரிலிருந்து, லாட்டரி விற்கும் கேரளத்தின் ஆரியங்காவு எவ்வளவு பக்கம் என்பது எனக்குத் தெரியும், ஆகவே இத்துடன் நிறுத்துகிறேன். ஒரு சொல் மட்டும்: நாம் 'நல்லவேளை, பஸ் கிடைத்தது' என்னும் இடத்தில் அவர்கள் 'ஹோ சோய்' என்பார்கள். 'சோய்' என்றால் குலுக்கலில் விழும் பரிசு. நமக்கு நேரம் நன்றாக இருந்தது, அவர்களுக்குச் சீட்டு விழுந்தது.

கேள்வி: 'முதலில் விதி, இரண்டாவது அதிர்ஷ்டம்' என்று தொடங்கும் பழமொழியில் படிப்புக்கு ஐந்தாம் இடம் என்று படித்தேன். அப்படியானால் நாங்கள் எதற்குப் படிக்கிறோம்? (திருநெல்வேலி, கல்லூரி மாணவி)

பதில்: வரிசையை முழுதாகத் தருகிறேன். ஒன்று விதி, இரண்டு அதிர்ஷ்டம், மூன்று ஃபெங் சுயி (நம் மனையடி சாஸ்திரம் போன்றது), நான்கு பிறர் அறியாமல் செய்து சேர்த்த புண்ணியம், ஐந்து படிப்பு. மூன்றாவதைக் கவனியுங்கள், தங்கச்சி. ஃபெங் சுயியில் தாத்தாவின் கல்லறை எந்தத் திசை பார்க்கிறது என்பதும் சேரும். நான்காவதில் உங்கள் புண்ணியத்தோடு பெற்றோர் பாட்டனார் செய்ததும் சேர்த்தே எண்ணப்படும். ஆக, முதல் நான்கில் பெரும்பகுதி வீட்டிலிருந்து வருவது. முழுக்க முழுக்க நீங்களே செய்ய வேண்டியதாக அந்தப் பட்டியலில் இருப்பது ஐந்தாவது மட்டுமே.

ஹாங்காங் பெற்றோர் இந்தப் பழமொழியைச் சொல்லிக்கொண்டே என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். 'ஓட்டம் தொடங்கும் கோட்டிலேயே ஜெயிக்க வேண்டும்' என்பது அவர்களுடைய இன்னொரு மந்திரம். மூன்று வயதுக் குழந்தையை மழலையர் பள்ளி நேர்காணலுக்குத் தயார் செய்ய வகுப்பே நடக்கிறது. படிப்பையும் வீட்டிலிருந்து கொடுக்கும் பொருளாக்கிவிட்டார்கள். பாளையங்கோட்டையில் எல்.கே.ஜி. விண்ணப்பத்துக்கு விடியுமுன் வரிசையில் நின்ற அப்பாக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: மங்கலச் சொல் வழக்கம் அவர்களிடம் உண்டா? விளக்கை 'அணை' என்றால் என் மாமியார் இன்றும் திட்டுவார். (பேட்டை, ஓர் இல்லத்தரசி)

பதில்: நம்மைவிட மிகுதி. காலி வீடு என்று எழுத மாட்டார்கள். 'காலி' என்ற சொல் 'கேடு' என்பது போல ஒலிப்பதால், வாடகைப் பலகையில் 'மங்கல வீடு' என்றே இருக்கும். பஞ்சாங்கத்தின் பெயரில் உள்ள 'புத்தகம்' என்ற சொல்லும் 'தோல்வி' என்ற சொல்லும் ஒரே ஓசை. ஆகவே அதை 'வெற்றி' என்று மாற்றிவிட்டார்கள். குடைக்குப் பிற சீனர் சொல்லும் பெயர் 'சிதறுதல்' என்று கேட்கும் என்பதால், 'மறைப்பு' என்ற பொருளில் வேறு சொல்லையே வைத்துக்கொண்டார்கள். தாலி அறுந்தது என்னாமல் 'பெருகிற்று' என்பதும், கிளம்பும்போது 'வாரேன்' என்பதும் நமக்குப் பழக்கமானவை, ஆகவே வியப்பில்லை.

ஆனால் காய்கறிக் கடையில் ஒருமுறை திகைத்தேன். துவையலுக்குப் பீர்க்கங்காய் தேடிப் போய், அகராதியில் பார்த்து வைத்திருந்த பெயரைச் சொன்னேன். 'சீ க்வா' என்பது அந்தப் பெயர், பட்டுக்காய் என்று பொருள். கடைக்கார அம்மாள் முகத்தைச் சுளித்து, காயைக் கையில் தூக்கி, "சிங் க்வா, சிங் க்வா" என்று இரண்டு முறை திருத்தினார். 'சீ' என்பது தோல்வியைக் குறிக்கும் சொல்லுக்கு நெருங்கி ஒலிக்கும். 'சிங்' என்றால் வெற்றி. வெற்றிக்காய்! உங்கள் உறவுக்காரர் யாரேனும் களத்தில் நெல் அளந்தவராக இருந்தால் கேட்டுப் பாருங்கள்: முதல் மரக்காலுக்கு 'ஒண்ணு' என்று சொல்ல மாட்டார், 'லாபம்' என்பார், அடுத்ததுதான் 'ரெண்டு'. அந்த நினைவில் நானும் உற்சாகமாகச் "சிங் க்வா" என்றேன். அந்த அம்மாள் மகிழ்ந்துபோய், தராசில் இன்னும் ஒரு காயைச் சேர்த்து வைத்து, அதற்கும் சேர்த்துக் காசு வாங்கிக்கொண்டார்.